மேல் மூலையில் இரண்டு எழுத்து

சந்திரமதியக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் வீட்டுக் கிரில் கதவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கிரில் உண்டு, எல்லாக் கிரிலுக்கும் பூட்டு உண்டு. மற்றவர்கள் திருடன் உள்ளே வராமல் இருக்கப் பூட்டுகிறோம். அக்கா பூட்டுவது தன் கணவர் வெளியே போய்விடாமல் இருக்க. பூட்டிய கையோடு சாவியை ஒரு ஊக்கில் கோத்துத் தாலிக் கொடியிலேயே மாட்டிக்கொள்வார். வேறு எங்கே ஒளித்து வைத்தாலும் செல்லப்பன் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார்.

நான் பக்கத்து வீட்டு ஷாமளா. பள்ளி வேன் ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இந்த வரிசையில் பேச்சு உண்டு. இருபத்தொரு பிள்ளைகளை ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்கூடாய் ரோட்டில் நெரிசலில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் அவர்கள் பேசட்டும். அக்கா வீட்டுக்கு நான் தினமும் ஒரு தடவையாவது போவேன். திரும்பும்போது கிரிலைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் "பூட்டிக்குங்கக்கா" என்று சொல்வேன். போய்வருகிறேன் என்று சொல்வதற்குப் பதிலாக எங்களுக்குள் அதுவே வழக்கமாகிவிட்டது.

அண்ணன் இருபத்தாறு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. ஐம்பத்தொன்பதில் வேலை முடிந்தது. அறுபதில் நினைவு நழுவ ஆரம்பித்தது. இப்போது அறுபத்துமூன்று. சாப்பிட்டது மறந்துவிடும், கழிப்பறை எந்தப் பக்கம் என்பது மறந்துவிடும், மனைவி யார் என்பது பாதி நாள் மறந்துவிடும். வேலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, கிரிலைப் பிடித்து உலுக்குவார்.

"தொறந்து விடுங்க! பாலம் ஜாம் ஆயிரும்!"

போன வருஷம் ஒருநாள், குப்பையைப் போட அக்கா திரும்பிய ஐந்து நிமிஷத்தில் அண்ணன் வெளியே போய்விட்டார். தேடாத இடமில்லை. சோதனைச் சாவடிக்குப் போகிற மோட்டார் சைக்கிள் பாதையில், வண்டி இல்லாமல், ஹெல்மெட்டோடு நடந்து போய்க்கொண்டிருந்தாராம். ஒரு மலாய்க்காரர் அவர் சட்டைப் பையில் இருந்த போன் நம்பரைப் பார்த்து அழைத்து, தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு வந்ததுதான் அந்தப் பூட்டு.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. சிம்பாங் ரெங்கம் பக்கம் தோட்டத்தில் பிறந்து, தம்போய்க்கு ஃபேக்டரி வேலைக்கு வந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவர். பிள்ளைகள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே சர்க்கியூட் பலகையை வைத்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. ஒரு முடியளவு கோணலாக இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேக்டரி மூடியதும், தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்காக எப்போதோ கற்றுக்கொண்ட தமிழ்த் தட்டச்சு கைகொடுத்தது. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் தமிழில் பேசிய ஒலிப்பதிவுகளை இணையத்தில் அனுப்பும். அக்கா காதில் கருவியை மாட்டிக் கேட்டு, கேட்டதை அப்படியே எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். வீட்டை விட்டு நகர வேண்டாம். அண்ணனை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

"ஆறு மணி நேரம் யார் யாரோ பேசுறாங்க ஷாமளா. டாக்சியில குடையை விட்டுட்டேன்றாங்க, லிஃப்ட் வேலை செய்யலன்றாங்க. கேக்கறப்ப நானும் எங்கயோ வெளிய போயிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்பார்.

அவர் உண்மையாக வெளியே போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மருத்துவமனைக்கு அண்ணனோடு போவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை தங்காக் போவது. முன்பெல்லாம் தீபாவளிக்கு முன்னால் ஃபேக்டரிப் பெண்கள் எல்லாம் சேர்ந்து பஸ்ஸில் போய், அங்கே துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்குவார்களாம். எதையும் வாங்காமல் திரும்பினாலும் அந்த ஒரு நாள் போதுமாம். இந்தத் தீபாவளிக்கு நான் கூப்பிட்டேன். அண்ணனை யார் பார்ப்பது என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர் யுகேந்திரன், அண்ணனின் தம்பி. சிம்பாங் ரெங்கத்தில் இருக்கிறார். மோசமானவர் இல்லை. குளுவாங் பக்கம் மறதி நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றை விசாரித்து வைத்திருந்தார். தீபாவளிக்கு வந்தபோது என் காதுபடவே சொன்னார்.

"அண்ணி, இது ஒங்களையும் சேத்துக் கொன்னுடும். இப்ப வீட்லயே வேலை இருக்கு, சரி, பாத்துக்குறீங்க. இந்த வேலை போச்சுன்னா? நீங்க வெளிய வேலைக்குப் போகணும். அப்ப அண்ணனை இப்படியே பூட்டிப் போட்டுட்டா போவீங்க? வேலை போனா சொல்லுங்க, மறுநாளே நான் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்."

அக்கா சரி என்று தலையாட்டினார். வேலை இருக்கும்வரை அண்ணன் வீட்டில். வேலை போனால் அண்ணன் இல்லத்தில். அவ்வளவுதான் ஒப்பந்தம். அந்த வேலையே அப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது என்பது யுகேந்திரனுக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

செப்டம்பரிலேயே ஓலை வந்துவிட்டது. விண்டோஸ் பத்துக்கு அக்டோபரோடு பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோகிறது, ஆகவே மாத முடிவுக்குப் பிறகு அந்தக் கணினிகளில் இருந்து யாரும் நுழைய முடியாது என்று நிறுவனம் அறிவித்தது. அக்காவின் கணினி, அண்ணன் நல்ல நினைவோடு இருந்த காலத்தில் வாங்கியது. பத்து வயது. விண்டோஸ் பதினொன்றைப் போடலாமா என்று கேட்டால், இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிக்கு என்ன தகுதிக் குறைச்சல் என்று நான் சத்தம் போட்டேன். என் சத்தம் யாருக்குக் கேட்கிறது? புதிதாக ஒன்று வாங்குகிற நிலையில் அக்கா இல்லை.

வேலையை மேற்பார்வை பார்ப்பவள் நிலோபர். ஜொகூர் பாருப் பெண்தான், சிங்கப்பூரில் வேலை. அவள்தான் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பினாள்.

"ஆன்ட்டி, லினக்ஸ் போட்டாலும் ஓகே. நம்ம சிஸ்டம் பிரௌசர்லதானே ஓடுது. ஆனா முப்பதாம் தேதி, வியாழக்கிழமை ரெண்டு மணிக்குள்ள, பதிவு பண்ணுன கம்ப்யூட்டர்லேர்ந்து லாகின் பண்ணி ஒரு டெஸ்ட் ஃபைல் முடிச்சு அனுப்பிடுங்க. இல்லன்னா அக்கவுண்ட் தானா க்ளோஸ் ஆயிரும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது லா."

லினக்ஸ் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. விண்டோஸ் மாதிரியே கணினியை ஓட்டுகிற இன்னொன்று, காசு கொடுக்க வேண்டாம், பழைய பெட்டியிலும் ஓடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தார். பிறகு இருபது வீடியோ பார்த்தார். நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டார். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றுவது எப்படி, கணினி திறக்கும்போது எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்தக் கேள்விக்கு ஆம், எந்தக் கேள்விக்கு இல்லை. சமையலுக்குக்கூட அவர் இவ்வளவு எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

பழையதை அழிக்கும் நாளில் என்னையும் கூப்பிட்டார். கல்யாணப் படங்களையும் அண்ணனின் மருத்துவத் தாள்களையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டார். கணினியில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று திரை கேட்டது. அக்கா மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"இதுக்கப்புறம் திரும்ப முடியாது, இல்ல?" என்றார்.

"இப்ப மட்டும் எங்கக்கா திரும்ப முடியுது? அமுக்குங்க."

அமுக்கினார். பின்னால் அண்ணன் ஹெல்மெட்டோடு நின்று, நாங்கள் ஏதோ எந்திரத்தைப் பழுது பார்க்கிறோம் என்று நினைத்து, "மெயின் சுவிட்ச மொதல்ல ஆஃப் பண்ணுங்க" என்று யோசனை சொன்னார். பயத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பின் நடந்ததில் ஒரு சந்தோஷமும் உண்டு. எந்த மொழி வேண்டும் என்று கேட்ட பட்டியலில் தமிழ் இருந்தது. அக்கா பழகியிருந்த தமிழ் 99 விசைப்பலகையும் இருந்தது. அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்தார். பிறகு படாதபாடு பட்டார். ஆங்கிலத்தில் ஃபோல்டர் என்று இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு திறந்தவர், ‘கோப்புறை’ என்று பார்த்ததும் இது என்ன உறையோ என்று தயங்கி நின்றார். வைஃபை பிடிக்கவில்லை. என் போனை வயரில் செருகி இரண்டு நாள் ஓட்டினார். ஒலி ஒரு காதில் மட்டும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ, நோட்டில் ஒரு பக்கம். புதிதாக வேன் ஓட்டக் கற்றபோது நான் எத்தனை தூணில் இடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும், அதனால் கேலி செய்யவில்லை. கொஞ்சமாகத்தான் செய்தேன்.

ஒருநாள் திரையின் மேல் மூலையைக் காட்டினார். அங்கே குட்டியாக இரண்டு ஆங்கில எழுத்து.

"இத தட்டுனா கீபோர்டு தமிழுக்கு மாறும். இன்னொருக்கா தட்டுனா இங்கிலீஷ். தொறக்கறப்ப வர்ற மொதத் திரையிலயும் இது இருக்கு பாரு."

எனக்கு அந்த எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. நாற்பத்தொன்பது வயதுக் கண்.

புதன்கிழமைக்குள் எல்லாம் தயார். கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. கணினியைத் திறக்கும் கடவுச்சொல் பன்னிரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அக்கா வைத்திருந்ததோ ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அன்று மாலை பயிற்சிக்காகக் கொஞ்சம் தமிழில் தட்டிப் பார்த்துவிட்டு, அதே சூட்டோடு கடவுச்சொல்லையும் மாற்றினார். கணவர் பெயர், பின்னால் கல்யாணம் நடந்த வருஷம். மறக்கவே முடியாத சொல். கணினியை அணைத்தார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு முதல் நடை முடித்து வந்து வேனை நிறுத்துகிறேன், அக்கா கிரிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அண்ணனும் கிரிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"உள்ள விடமாட்டேங்குது ஷாமளா."

"எது?"

"கம்ப்யூட்டரு. பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது."

தாலிக் கொடியை இழுத்துச் சாவியால் திறந்து என்னை உள்ளே விட்டு உடனே மறுபடி பூட்டினார். நான் தட்டிப் பார்த்தேன். தப்பு. அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் ஒற்றை விரலால் தட்டினேன். தப்பு. பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், வருஷம் இல்லாமல், வருஷத்தை முன்னால் போட்டு. கறுப்புப் புள்ளிகள் வரிசையாக வரும், பிறகு தப்பு என்று வரும். முப்பது தடவைக்கு மேல் இருக்கும். பின்னாலிருந்து கிரில் குலுங்கும் சத்தம் ஓயவே இல்லை. "தொறந்து விடுங்க, தொறந்து விடுங்க" என்று அண்ணன் அங்கே கேட்க, நாங்கள் இங்கே அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கணினிக் கடைக்குப் போன் போட்டேன். கொண்டுவந்து கொடுங்கள், சனிக்கிழமை பார்க்கலாம் என்றார் கடைக்காரர். ரெண்டு மணிக்கு வேணும் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

"பென்டிரைவு இருக்குல்லக்கா? மறுபடி மொதல்லேர்ந்து போட்டுடுவோம். ஒரு மணி நேரந்தானே."

அந்தப் பென்டிரைவைக் காணோம். மேசை மேலேதான் இருந்ததாம். இரண்டு பேரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கைக்கு எட்டியதையெல்லாம் எங்காவது பத்திரப்படுத்திவிடுவார். அரிசிப் பீப்பாயில் டிவி ரிமோட் கிடைத்தது. முறுக்கு டின்னில் அக்காவின் ஒரு வளையல் கிடைத்தது. பென்டிரைவ் கிடைக்கவில்லை. "அண்ணே, எங்கண்ணே வச்சீங்க?" என்று கேட்டேன். "ஸ்டோர்ல குடுத்துட்டேன்" என்றார், பட்டறையில் பதில் சொல்கிற மிடுக்கோடு. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பூட்டிய வீட்டுக்குள் அந்தப் புழுக்கத்தில் எனக்கே மூச்சு முட்டியது. இரண்டு மணி நேரத்தில் எனக்கு இப்படி என்றால் ஒன்றரை வருஷமாக இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் முதன்முதலாக நினைத்தேன். அதற்கு முன் நினைக்காதது எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து மணிவாக்கில் அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் அறைக்கும் கூடத்துக்குமாக நடந்து, அலமாரியை இழுத்து, மெத்தையைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"என்னக்கா இது, பிடிச்சு வச்ச பிள்ளையாராட்டம் உக்காந்துட்டீங்க? இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. ஏதாச்சும் தட்டிப் பாருங்க."

"தட்டியாச்சு ஷாமளா. நீ போ, வேனுக்கு நேரமாச்சு."

"போறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. அலமாக்! ஒங்களுக்குக் கவலையே இல்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. மனம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பதினொன்றே முக்காலுக்கு என்னை வெளியே விட்டார். "பூட்டிக்குங்கக்கா" என்றேன் வழக்கம்போல. பூட்டிக்கொண்டார்.

அன்றைக்குப் பிள்ளைகளிடம் நான் காட்டிய கோபத்தை அவர்கள் பெற்றோர் கேட்டிருந்தால் வேனை மாற்றியிருப்பார்கள். ஒரு மணி, ஒன்றரை, ஒன்றே முக்கால் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு மணிக்கு ஒரு சிவப்பு விளக்கில் நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன். நாளைக்கு யுகேந்திரன் வருவார். அண்ணன் நீலச் சட்டையோடு காரில் ஏறுவார், வேலைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாக ஏறுவார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பின் இருக்கையில் ஒருத்தி, "ஆன்ட்டி, பச்சை விழுந்துருச்சு" என்றாள்.

இரண்டே முக்காலுக்கு வந்து கிரில் வழியாகப் பார்த்தால், அக்கா காதில் கருவியோடு தட்டிக்கொண்டிருக்கிறார். திரை முழுக்கத் தமிழ். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, அண்ணன் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா! கெடச்சிருச்சா? அனுப்பிட்டீங்களா?" கத்தினேன். வாயில் விரலை வைத்துச் சைகை காட்டியபடி வந்து திறந்தார். உள்ளே விட்டுப் பூட்டினார்.

"ரெண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கறப்ப அனுப்புனேன். நிலோபரு ஓகேன்னு போட்டிருக்கா. இப்ப அடுத்த ஃபைலு ஓடுது."

அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவர் குதிக்கவில்லை. கல் மாதிரி நின்றார்.

"எப்படிக்கா தொறந்தீங்க?"

"அந்த ரெண்டு எழுத்துத்தான். நேத்து பாஸ்வேர்டு மாத்துனப்ப கீபோர்டு தமிழ்ல இருந்திருக்கு. நான் இங்கிலீஷ்னு நெனச்சுத் தட்டுனது பூரா தமிழ் எழுத்தா உள்ள போயிருக்கு. வெறும் புள்ளியாத்தானே தெரியுது, எந்தப் பாஷைன்னு யாருக்குத் தெரியும்? காலையில தொறந்தா அது இங்கிலீஷ்ல நிக்குது. மூலையில தட்டித் தமிழுக்கு மாத்திட்டு அதே விரலு, அதே எழுத்து. தொறந்துக்கிச்சு."

"அடக் கடவுளே. கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம். கடைசி நிமிஷத்துல ஒங்க கண்ணுல பட்டுச்சே, அதச் சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். காலையில் பார்த்த அதே பார்வை.

"கடைசி நிமிஷத்துல இல்ல. பத்து மணிக்கே பாத்துட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் பூதக்கண்ணாடியில் குறை பார்த்த கண் அது. நான் உங்களிடம் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நானே மறந்துபோயிருந்தேன்.

"பாத்துட்டுமா சும்மா உக்காந்திருந்தீங்க? நான் அங்க மெத்தையைப் பொரட்டிக்கிட்டு இருக்கேன்! ஏன்க்கா?"

"ரெண்டு மணி ஆகட்டும்னு."

மெதுவாகத்தான் பேசினார், அண்ணன் எழுந்துவிடக் கூடாதே என்று.

"தானா க்ளோஸ் ஆயிரும்னு சொன்னாள்ல அந்தப் பொண்ணு. தானா. நான் எதுவும் பண்ண வேணாம். கைய மடியில வச்சுக்கிட்டு இருந்தாப் போதும். பாஸ்வேர்டு விடல, நான் என்ன பண்ணுவேன்? யுகேந்திரன் வந்து கூட்டிட்டுப் போவாரு. ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்தை கேக்க முடியாது. நீ கூட சாட்சி, எப்படித் தேடுன. நான் பாட்டுக்கு வேற ஏதாச்சும் ஃபேக்டரிக்குப் போவேன், பஸ்ல வருவேன். ஒரு நாளு தங்காக் போவேன். காலையில இருந்து பொழுது சாயறவரைக்கும் கடை கடையா ஏறி எறங்குவேன். அதத்தான் ஷாமளா நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த எழுத்தப் பாத்துக்கிட்டே மூணே முக்கா மணி நேரம்."

திட்டவும் தோன்றவில்லை. தப்பில்லைக்கா என்று சொல்லவும் வரவில்லை.

"அப்பறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணே முக்காலுக்கு இவரு கிரில ஆட்டி ஆட்டிக் களைச்சுப்போயி இங்க வந்தாரு. திரையப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. இன்னிக்கு என்னைய யாருன்னு தெரியல அவருக்கு." அக்கா தாலிக் கொடியில் தொங்கிய சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "‘ஒங்களுக்கும் சாவி குடுக்கலையாம்மா?’ன்னு கேட்டாரு."

தரையில் அண்ணன் புரண்டு படுத்தார். ஹெல்மெட் நாற்காலிக் காலில் இடித்தது. அக்கா குனிந்து ஹெல்மெட்டை மெல்லக் கழற்றி, தலைக்கு அடியில் ஒரு குஷனை வைத்தார்.

"‘பரவால்ல, பயப்படாதீங்க, நான் கூட இருக்கேன், ஆபீசர் வந்து தொறந்து விடுவாரு’ன்னு சொல்லிட்டு என் பக்கத்துல உக்காந்துட்டாருடி. கிரில் சாவி, கம்ப்யூட்டர் சாவி, ரெண்டும் என்கிட்ட இருக்கு. எனக்கு அவரு தொணை இருக்காரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு மேல என்னால உக்காந்திருக்க முடியல. தட்டிட்டேன்."

கணினியில் ஏதோ மணி அடித்தது. அடுத்த ஒலிப்பதிவு வந்திருக்கிறது என்றார். போக வேண்டும் என்று நானும் எழுந்தேன். அவர் முன்னால் வந்து ஊக்கிலிருந்து சாவியை எடுத்துக் கிரிலைத் திறந்தார். அண்ணன் நல்ல தூக்கம். கிரில் முழுக்கத் திறந்திருந்தது, வெளியே ரோட்டில் ஒருவரும் இல்லை. நான் வெளியே கால் வைத்தேன்.

வழக்கமாகச் சொல்வதை அன்று என்னால் சொல்ல முடியவில்லை. அக்கா ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரே பூட்டிக்கொண்டார்.